பூட்டிய வளவு, கட்டிடிந்த கிணறு: பிரதேச சபை எதுவரை நடவடிக்கை எடுக்கலாம்?

பாலைநிழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இலங்கையின் வன்னிப் பகுதியில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் ஒழுங்கை ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். 2010ஆம் ஆண்டு மீள்குடியேறிய நாளிலிருந்து, எங்கள் மேற்கு வேலிக்கு அப்பால் உள்ள அரை ஏக்கர் வளவுக்கு எவரும் திரும்பி வரவில்லை. அங்கே நான்கு சுவர்கள் மட்டும் எழுப்பிக் கைவிடப்பட்ட வீடு ஒன்றும், தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும் பழைய சீமெந்துத் தொட்டி ஒன்றும், ஒழுங்கையிலிருந்து ஏழு அடி தூரத்தில் கிணறு ஒன்றும் இருக்கின்றன. கிணற்றுக்கட்டின் ஒழுங்கைப் பக்கம் முழுவதும் இடிந்து, வாய் நிலமட்டத்தோடு கிடக்கிறது. ஈச்சம் பற்றை வளர்ந்து அதை மறைத்து நிற்பதால், புதிதாக வருபவருக்கு அங்கே கிணறு இருப்பதே தெரியாது.

சென்ற மாரியில் எங்கள் ஆட்டுக்குட்டி ஒன்று அதில் விழுந்தது. அது கத்திய சத்தத்தைக் கேட்டு நான் ஓடிப்போனபோது, அதைப் பார்ப்பதற்காக முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள் இருவர் கிணற்றின் விளிம்பில் குந்தியிருந்தார்கள். அவர்களுடைய காலுக்குக் கீழே மண் கரைந்து விழுந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து பாடசாலை தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வீட்டில் ஒருவர் படலையில் நிற்கிறோம்.

எங்கள் பகுதிக்குரிய பிரதேச சபையின் உப அலுவலகத்துக்கு மூன்று தடவை சென்று சொன்னேன். "அது தனியார் காணி, நாங்கள் உள்ளே இறங்க முடியாது" என்பதே ஒவ்வொரு தடவையும் கிடைத்த பதில். கிராம அலுவலரும் உரிமையாளரின் முகவரி தம்மிடம் இல்லை என்கிறார். இதற்கிடையில் ஒழுங்கையின் மறுமுனையில் ஒருவர் புதிதாக மதில் கட்டுகிறார். அது பாதைக்குள் இரண்டு அடியாவது வந்திருக்கிறது. கோடையில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் இனி அந்த முடக்கில் திரும்பாது.

தனியார் காணிக்குள் இருக்கும் ஆபத்துக்கு உண்மையிலேயே எவரும் பொறுப்பில்லையா? சபைக்கு அதிகாரம் இருந்தால் அது எதுவரை செல்லும்? இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்த வளவுக்காரர் எங்களோடு ஒரே பதுங்குகுழிக்குள் இருந்த குடும்பம். மூத்த மகனை இழந்த பின்னரே நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களுடைய காணிக்கு என்னால் ஒரு கேடு வந்துவிடக் கூடாது. வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

கோவை இலக்கம் எழுதியது:

வணக்கம் ஐயா. உள்ளூராட்சித் துறையில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற வகையில் எழுதுகிறேன். பிள்ளைகள் விளிம்பில் குந்தியிருந்த செய்தியை வாசித்த பின் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில், உங்களுக்குச் சொல்லப்பட்ட பதில் பாதிதான் சரி. ஒருவருடைய வளவுக்குள் சபை ஊழியர்கள் தாம் நினைத்தபடி புகுந்து சுவரை இடிக்கவோ கிணற்றைத் தூர்க்கவோ முடியாது என்பது உண்மை. ஆனால் தனியார் காணி என்பதற்காகச் சபையின் கடமை வேலியோடு நின்றுவிடுவதில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், தன் 3ஆம் பிரிவிலேயே பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றின் ஒழுங்குபடுத்தலைப் பிரதேச சபையிடம் ஒப்படைக்கிறது. உங்கள் கிணறும் நுளம்பும் மதிலும் இந்த வரம்புக்குள்ளேயே வருகின்றன.

நீங்கள் மூன்று தடவை சொன்னீர்கள். ஆனால் எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. கந்தோரில் வாயால் சொன்ன முறைப்பாட்டுக்குக் கோவை இல்லை, கோவை இல்லாத விடயத்துக்கு உத்தியோகத்தர் எவரும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். ஒழுங்கையின் பெயர், சோலைவரி இலக்கம் இருந்தால் அது, இல்லையேல் இரு பக்கத்து வளவுகளின் இலக்கம், கிணற்றுக்கும் பாதைக்கும் இடைப்பட்ட தூரம், திகதியுடன் எடுத்த இரண்டு படங்கள் ஆகியவை போதும். சபையின் செயலாளருக்கு முகவரியிட்டு நேரில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் பெற்றுக்கொள்ளுங்கள்; அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆத்திரத்தில் எழுதிய நான்கு பக்கக் கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எந்தக் காணி என்பது மூன்றாம் பக்கத்தில்தான் வரும்.

அடுத்து, நீங்கள் ஒன்றாகச் சொல்லும் மூன்று விடயங்களும் சட்டத்தில் மூன்று வெவ்வேறு கதவுகள் என்பதைக் கவனியுங்கள். ஒரே கடிதத்தில் மூன்றையும் கலந்தால், ஒவ்வொருவரும் மற்றவருடைய வேலை என்று தள்ளிவிட இடமுண்டாகும்.

தொட்டியிலும் கைவிட்ட வீட்டிலும் தேங்கும் தண்ணீர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் விடயம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத்தைத் தடுத்தல் சட்டம், தண்ணீர் தேங்கக்கூடிய சிரட்டை, ரின், ரயர் போன்றவற்றை அகற்றி வளவைத் துப்புரவாக வைத்திருக்கும் கடமையை உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் மீது சுமத்துகிறது. ஆளில்லாத வளவு என்பதால் உரிமையாளரின் கடமை அற்றுப்போவதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தனிக் கடிதம் கொடுங்கள். மூன்றிலும் விரைவாக நடப்பது இதுவாகத்தான் இருக்கும்.

மதில் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் விடயம். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நடைமுறையிலுள்ள பகுதிகளில், சபை அங்கீகரித்த வரைபடம் இல்லாமல் கட்டடம் எழுப்ப முடியாது. கட்டி முடித்த பின், வரைபடத்தின்படியே கட்டியதை உறுதிப்படுத்தும் அமைவுச் சான்றிதழ் பெறாமல் குடிபுகவும் முடியாது. உங்கள் இடம் நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தால், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதன்கீழ், அனுமதியில்லாத கட்டுமானத்தை நிறுத்துமாறு எழுத்தில் அறிவித்தல் கொடுத்து, அதற்கு இணங்காவிட்டால் நீதவானிடம் சென்று அகற்றும் கட்டளை பெறலாம். இங்கே காலம் மிக முக்கியம். அத்திவாரம் வெட்டும்போது நிறுத்துவது ஒரு நாள் வேலை. பூச்சுப் பூசி நிறம் அடித்த மதிலை அகற்றுவது ஆண்டுக்கணக்கான வழக்கு. ஆகவே அந்தக் கடிதத்தை இன்றே கொடுங்கள்.

கிணறுதான் கடினமானது. ஆயினும் வழி உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, பொதுப் பாதைக்கு அருகிலுள்ள குளம், கிணறு, குழி ஆகியவற்றுக்குத் தடுப்பு அமைக்குமாறு கட்டளையிடும் அதிகாரத்தை நீதவானுக்கு வழங்குகிறது. பொலிஸாரின் அறிக்கையையோ வேறு தகவலையோ கொண்டு நீதவான் முதலில் ஒரு நிபந்தனைக் கட்டளை பிறப்பிப்பார்: குறித்த காலத்துக்குள் தடுப்பு அமைக்க வேண்டும், அல்லது ஏன் அமைக்க முடியாது என்று மன்றில் தோன்றிக் காரணம் காட்ட வேண்டும். உங்கள் கிணறு பாதையிலிருந்து ஏழு அடி என்பதால் அதற்குள் அடங்கும் என்பது என் துணிபு. ஏழு அடி என்பதை அளந்து எழுதுங்கள். "கிட்ட இருக்கிறது" என்று எழுதாதீர்கள்.

சபைகளின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை அநேகமாக எல்லாச் சபைகளிலும் தெரிவான உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் செயலாளர்களே எல்லாவற்றையும் சுமந்தார்கள். ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் பல கிராமங்களைப் பார்க்க வேண்டிய இடங்களில், வீதி வேலையும் வடிகாலும் முந்திக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவித்தலை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்து நிற்கும். ஆளில்லாத வளவின் மரத்தில் ஒட்டிவிட்டு வந்த அறிவித்தலை மழைதான் வாசிக்கும். அந்த முகவரியை நீங்கள் தேடிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. இப்போது உங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். கடிதத்தின் பிரதியை அவருக்கும் கொடுங்கள்.

பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "என் கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன" என்று தகவல் அலுவலரிடம் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். உங்கள் கடிதம் பதிவில் இருந்தால்தான் இந்தக் கேள்விக்குப் பயன் உண்டு.

தூரத்துப் படலை எழுதியது:

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். என் தகப்பனாரின் வளவும் வன்னியில் இப்படித்தான் பற்றை பிடித்துக் கிடக்கிறது. இந்தக் கேள்வியை வாசித்தபோது, என் வளவைப் பற்றியும் அயலவர் ஒருவர் எங்கோ எழுதிக்கொண்டிருக்கக் கூடும் என்று நெஞ்சு கனத்தது.

நாங்கள் ஏன் வாளாவிருக்கிறோம் என்பதை முதலில் சொல்கிறேன். அக்கறை இல்லாமல் இல்லை. காணிப் பத்திரம் தகப்பனார் பெயரில் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. மூலப்பிரதி 2009இல் மாத்தளனில் வைத்துத் தொலைந்தது. சகோதரர்கள் மூன்று நாடுகளில். எங்களுக்காகச் செயற்பட ஒருவருக்கு அற்றோர்ணித் தத்துவம் கொடுப்பதென்றாலும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துக் காணிக்காரர் "நான் துப்புரவாக்கிப் பார்த்துக்கொள்கிறேன்" என்று அன்போடு கேட்டபோதுகூட, பிறகு அதை அவர் தம்முடையது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நாங்கள் மறுமொழி சொல்லவில்லை. அவரிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

இங்கே நடப்பதையும் ஒப்பிடுவதற்காகச் சொல்கிறேன். இந்த நகரில் வீட்டு முற்றத்துப் புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக் கூடாது. வளர்ந்தால், அயலவர் 311 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். என் தாயார் வைத்தியசாலையில் இருந்த ஒரு கோடையில் எங்கள் வீட்டுக்கும் அறிவித்தல் வந்தது. வெட்டினோம், அதோடு விடயம் முடிந்தது. இடிந்த படி, உடைந்த வேலி போன்றவற்றுக்கு வேறு உபவிதி உண்டு. பரிசோதகர் வந்து பார்த்து, எதை எந்தத் திகதிக்குள் திருத்த வேண்டும் என்று கட்டளை தருவார். அதை ஏற்காதவர் பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். ஒன்றுமே செய்யாதிருந்தால் நகர நிர்வாகமே ஆள் அனுப்பி வேலையை முடித்து, செலவை அந்த வீட்டின் வரிப்பட்டியலில் சேர்த்துவிடும். உரிமையாளர் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் செலவு காணியைப் பிடித்துக்கொள்கிறது. தண்டம் வாங்குவதை விடத் திருத்த வைப்பதையே அவர்கள் பெரிதாக நினைக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

வன்னியில் அதை அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே எத்தனையோ வளவுகளின் வரிப்பதிவில் 1990களுக்கு முந்திய பெயரே இருக்கிறது, பெயருக்குரியவர் உயிரோடு இல்லை. ஆனால் ஒரு சிறு காரியத்தைச் செய்யலாம். காணியை விட்டு வெளியில் இருக்கும் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் இன்றைய முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் சபையிலும் கிராம அலுவலரிடமும் எழுத்தில் கொடுத்து வைக்கலாம். நான் இந்த வாரமே கொடுக்கிறேன். பாலைநிழல், அந்தக் குடும்பம் எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள். ஊர்ச் சங்கங்களில் விசாரித்துப் பார்க்கிறேன்.

நீதிவழி எழுதியது:

மேலே சகோதரி சொன்ன பயத்தைப் பற்றிச் சட்டம் படித்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள் எழுத வேண்டும். இந்தப் பயமே வன்னியில் பாதி வளவுகளைப் பற்றையாக வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் இன்னொருவரின் தனியார் காணியைப் பத்து ஆண்டுகள் இடையறாது, உரிமையாளரின் உரித்துக்கு எதிராகத் தம்முடையதாகவே ஆண்டிருந்தால் உரித்துக் கோரலாம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்கள் இதனால் காணியை இழந்துவிடக் கூடாது என்பதற்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடும் சிறப்புச் சட்டம் 2016இல், 5ஆம் இலக்கமாக இயற்றப்பட்டது. அதற்குப் பிந்திய பத்து ஆண்டுகள் 2019இலேயே நிறைந்துவிட்டன என்பதால் வெளிநாட்டிலுள்ளோர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் உரிமையாளரின் அனுமதியோடு ஒருவர் காணிக்குள் நிற்பது எதிரான ஆட்சியாகாது. "என் காணியின் பற்றையை வெட்டவும் கிணற்றுக்குத் தடுப்பு அமைக்கவும் இன்னாருக்கு அனுமதி அளிக்கிறேன், இதனால் அவருக்கு எந்த உரித்தும் உண்டாகாது" என்று உரிமையாளர் எழுதி, அயலவரும் அதை ஏற்றுக் கையொப்பமிட்டால், இருவருக்கும் அதுவே பாதுகாப்பு. ஒரு தாள் போதும். அயலவர் நேர்மையானவர் என்றால் அவருக்கு இதில் கையொப்பமிடத் தயக்கம் இருக்காது.

இன்னொரு எச்சரிக்கை. அந்த வளவு தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணியா, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணியில் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியா என்று முதலில் அறியுங்கள். குளங்களை அண்டிய குடியேற்றக் கிராமங்களில் பெரும்பாலும் அனுமதிப்பத்திரமே இருக்கும். அரச காணியில் ஆட்சியுரிமை ஓடாது என்பதால் அயலவர் பறித்துவிடுவார் என்ற பயத்துக்கு அங்கே இடமில்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பராமரிக்காமல் கைவிட்ட காணி என்று பிரதேச செயலகத்துக்கு முறைப்பாடு போனால், நிபந்தனையை மீறியதாக அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்வதற்கான அறிவித்தல் புறப்படக் கூடும். காரணம் காட்டுவதற்கு ஆள் வராவிட்டால் காணியே கைவிட்டுப் போகலாம். அந்தக் குடும்பத்துக்குக் கேடு வரக் கூடாது என்று நீங்கள் எழுதியதால் இதைச் சொல்கிறேன். சபைக்கு எழுதும் கடிதத்தில் கிணற்றின் ஆபத்தை மட்டும் எழுதுங்கள். "ஆட்சியில்லாத காணி", "கைவிடப்பட்ட காணி" போன்ற சொற்களை உங்கள் கையால் எழுதிக் கொடுக்காதீர்கள்.

அனுமதி இல்லாமல் நீங்களாகக் கிணற்றைத் தூர்க்கவும் வேண்டாம். உங்கள் எல்லைக்குள் நின்று வேலியைப் பலப்படுத்துவதையும், ஒழுங்கை ஓரத்தில் எச்சரிக்கைப் பலகை நடுவதையும் எவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஈச்சம்பற்றை எழுதியது:

ஒரேயொரு விடயம். அனுமதி கிடைத்தாலும் அந்தப் பற்றைக்கு எவரும் தீ வைக்க வேண்டாம். 2009க்குப் பின் ஆள் நடமாடாத வளவென்றால் மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. குப்பைக்கு வைத்த தீயில் வெடிபொருள் வெடித்த செய்திகளை நாங்கள் எல்லோரும் வாசித்திருக்கிறோம். கத்தியால் மேலாக வெட்டுங்கள், வேர் கிண்டாதீர்கள், உலோகம் எதையாவது கண்டால் தொடாமல் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அறிவியுங்கள். கண்ணாடி விரியனும் இருக்கும். சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

பாலைநிழல் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து வாரங்கள் கழித்து, நடந்ததை எழுதுகிறேன்.

கடிதங்களை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அடுத்த வாரமே வந்தார். சீமெந்துத் தொட்டியிலிருந்து வெள்ளைக் கோப்பை ஒன்றில் தண்ணீர் அள்ளி வெயிலில் பிடித்து, துள்ளிக்கொண்டிருந்த நுளம்புக் குடம்பிகளை எனக்கும் காட்டினார். தொட்டியின் அடியில் துளையிட்டுத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, உரிமையாளருக்கான அறிவித்தலை எழுதி எடுத்துச் சென்றார்.

தூரத்துப் படலை அவர்களுடைய முயற்சியால் வளவுக்கார அக்காவின் இலக்கம் கிடைத்தது. அவர் இப்போது பிரான்ஸில் இருக்கிறார். தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் முதலில் கிணற்றைப் பற்றியல்ல, முற்றத்து மாமரம் நிற்கிறதா என்றுதான் கேட்டார். நிற்கிறது என்றேன். அது அனுமதிப்பத்திரக் காணி என்பதும், பத்திரம் அவரிடம் பத்திரமாக இருப்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. நீதிவழி எழுதிய அதே வாசகங்களை அவர் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பினார். மூலப்பிரதி தபாலில் வருகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கைக்காரர் ஆறுபேர் சேர்ந்து, கிணற்றைச் சுற்றிப் பற்றையை மட்டும் வெட்டினோம். கட்டு இடிந்த பக்கத்தில் பனங்குற்றிகளை அடுக்கி, வாய்க்குக் கம்பிவலை போட்டிருக்கிறோம். கட்டைத் திருத்துவதற்குத் தை மாதம் பணம் அனுப்புவதாக அக்கா சொன்னார். கிணற்றைத் தூர்ப்பதை அவர் விரும்பவில்லை; அது அவருடைய மகன் வெட்டிய கிணறு.

மதில் விடயம் இன்னும் முடியவில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் நாடா பிடித்து அளந்தார். என் கணிப்பில் இரண்டு அடி, அவருடைய அளவில் ஓர் அடி பத்து அங்குலம். வேலையை நிறுத்துமாறு எழுத்தில் அறிவித்தல் கொடுத்திருக்கிறார்கள். கட்டுபவர் தம்மிடம் பழைய நில அளவைப் படம் இருக்கிறது என்று சொல்லி ஒரு மாத அவகாசம் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதும் நியாயம்தான் என்பதால் காத்திருக்கிறோம். அதுவரை பவுசர் ஒழுங்கை வாசலில் நிற்கிறது. நாங்கள் வாளி கொண்டு போகிறோம்.